கலாசாலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்



ஆனி, ஆடி மாதங்களில் சேலம் பஸ் நிலையத்திலும், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு ஊர்களிலும் ஒரு காட்சியைக் காணலாம். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பக்கெட்டு, கக்கத்தில் தலையணையோடு பிள்ளை ஹாஸ்டலுக்குப் புறப்படுகிறது. தகப்பனார் டிக்கெட்டை மூன்று தடவை சரிபார்க்கிறார். தாயார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த நோட்டுகளைப் பிள்ளையின் கையில் திணித்து, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு சாமி" என்கிறாள். அன்று இரவு போன் வருகிறது. "எல்லாம் நல்லா இருக்குதும்மா" என்கிறது பிள்ளை. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

பிள்ளை தூங்கியதா என்பது யாருக்கும் தெரியாது. அந்த "நல்லா இருக்குதும்மா" என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்பதே இவ்வாரப் பாடம். பிள்ளைகள் ஒருமுறையும், பெற்றோர் ஒருமுறையும் வாசிக்கட்டும்.

நமது பக்கத்தில் கலாசாலைக்குப் போகிற பிள்ளைகளில் அநேகர் தங்கள் குடும்பத்திலேயே அந்த வாசலை முதலில் மிதிப்பவர்கள். அப்பன் போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசத்திலோ குஜராத்திலோ மாதக்கணக்கில் இருக்கிறார். அம்மா தறிப் பட்டறையிலோ, சேகோ ஆலையிலோ, கோழிப் பண்ணையிலோ வேலை. சேலம் அரசு பொறியியற் கல்லூரி 1966ல் தொடங்கியது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985ல். பெரியார் பல்கலைக்கழகம் 1997ல். அதற்கு முந்திய தலைமுறையில் ஊருக்கு ஒருவர் இருவர் பட்டம் படித்தால் அதிகம். இப்பொழுது தெருவுக்குத் தெரு பட்டதாரி. இது சந்தோஷம்தான். ஆனால் முதலில் போகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு: அங்கே நடப்பதை வீட்டில் சொன்னால் விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை. "இன்டர்னல் மார்க்கு போயிடுச்சு" என்றால் அம்மாவுக்குப் புரியாது. "அரியர்" என்றால் அப்பாவுக்குப் பயம். ஆகவே அவன் சொல்லாமலே விடுகிறான்.

அங்கே அவனுக்கு என்னதான் நேருகிறது? பள்ளிக்கூடத்தில் முதல் மாணவனாயிருந்தவன் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கிறான். அறுபது பேரும் அவரவர் ஊரில் முதல் மாணவர்கள். தமிழில் படித்து வந்தவனுக்குப் பாடம் முழுவதும் இங்கிலீஷில் ஓடுகிறது. விடை தெரிந்திருந்தும் எழுந்து சொல்ல வாய் வராது. நமது ஜில்லாக்களில் பிளஸ் டூ மார்க்குக்குப் பேர்போன உறைவிடப் பள்ளிகளில் படித்தவனுக்கு வேறொரு சங்கடம். இரண்டு வருஷம் விடியுமுன் எழுப்பிவிட்டு, மணி அடித்துச் சாப்பிடச் சொல்லி, மணி அடித்துப் படிக்கச் சொன்னார்கள். கலாசாலையில் மணி அடிப்பார் ஒருவருமில்லை. கட்டுக்கயிறு அறுந்த கன்றுக்குட்டிபோல முதல் மாதம் குதூகலம். இரண்டாம் மாதம் திகைப்பு. பிறகு பணக்கஷ்டம், "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று சாதியை வளைத்து விசாரிக்கிற கேள்விகள், ஒரு சிநேகம் முறிந்த வேதனை, நடுநிசி வரை கைப்பேசியில் மற்றவர்களுடைய சிரித்த முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பது. சில இடங்களில் மூத்த மாணவர்களின் ராகிங். இது விளையாட்டல்ல, குற்றம். 1997லேயே தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது.

முதல் கேள்வி. இப்படிச் சஞ்சலப்படுவது கோழைத்தனமா? விசுவாசக் குறைவா?

இரண்டுமில்லை. வேதாகமத்தில் எலியாஸ் தீர்க்கதரிசியைப் பாருங்கள். கார்மேல் மலையில் அத்தனை பெரிய காரியம் செய்தவர், அடுத்து வருகிற அதிகாரத்தில் வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடம் கேட்கிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாரா? பிரசங்கம் செய்தாரா? சம்மனசானவர் அவரைத் தூங்கவிட்டு, எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடக் கொடுத்தார். பேச்சு அதற்குப் பிற்பாடுதான். மனமுடைந்த பிள்ளையைக் கண்டவுடன் புத்திமதி சொல்லத் தொடங்கும் நம்மவர்கள் (குருக்களையும் சேர்த்தே சொல்கிறோம்) அந்த அதிகாரத்தை ஒருதரம் நிதானமாக வாசிப்பது நலம். அர்ச். இஞ்ஞாசியாரும் 1522ல் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற நினைவு பலமுறை பலமாக வந்து தம்மை வதைத்ததாகத் தாமே சொல்லியிருக்கிறார். பிற்காலத்தில் அவர் எழுதிவைத்த ஒழுங்குகளில் ஒன்று நமக்கு மிகவும் பிரயோஜனமானது: மனம் இருண்டிருக்கும் காலத்தில் முன்பு செய்த நல்ல தீர்மானங்களை மாற்றாதே. படிப்பை விட்டுவிடலாமா என்ற தீர்மானத்தை ராத்திரி இரண்டு மணிக்குச் செய்யலாகாது என்று பொருள் கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி. சாதாரண வருத்தம் எது, வைத்தியம் வேண்டிய வியாதி எது?

வீட்டு ஞாபகம் வந்து அழுவதும், மார்க்கு குறைந்து வாடுவதும் வருத்தம். சில நாளில் தேறும். சிநேகிதர் நாலுபேர் சேர்ந்து டீக்கடைக்குப் போனால் கொஞ்சம் லேசாகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாகத் தினமும், நாள் முழுவதும் மனம் கனத்துக் கிடந்தால், முன்பு பிரியமாயிருந்த பந்தோ பாட்டோ எதிலும் ருசியில்லாமற் போனால், தூக்கம் கெட்டால் அல்லது எந்நேரமும் தூக்கமாகவே இருந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், புத்தகத்தின் ஒரே வரியைப் பத்துத்தரம் படித்தும் ஏறாவிட்டால், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற நினைவு விடாமல் வந்தால், அது மனச்சோர்வு என்னும் வியாதியாக இருக்கக்கூடும். காய்ச்சலும் காசமும் போல இதற்கும் வைத்தியம் உண்டு. இன்னொன்று பதற்ற வியாதி: திடீரென்று மார்பு படபடத்து, மூச்சு முட்டி, கை நடுங்கி, செத்துப்போய்விடுவோம் என்ற பயம் வரும். சில நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய் பிறகு மெள்ளத் தணியும். முதல் தடவை வந்தால் வைத்தியரிடம் காட்டி இருதயம் சரியாயிருக்கிறதா என்று பார்த்துவிடவேண்டும். சரியென்றால், மனநல வைத்தியரிடம் போகவேண்டும். மந்திரிக்கப் போவதாலும், தாயத்துக் கட்டுவதாலும் மாதங்கள் வீணாகும்.

மனச்சோர்வு மருந்து போட்ட அன்றே பலன் தெரியாது. சாதாரணமாக இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். நமது ஜனங்கள் பத்து நாள் பார்த்துவிட்டு "கேக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். அல்லது கொஞ்சம் தேறியதும் நிறுத்துகிறார்கள். இரண்டும் பிசகு. வைத்தியர் சொல்லித்தான் குறைக்கவேண்டும். "பழகிவிடும், ஆயுசுக்கும் விடமுடியாது" என்ற பயமும் வேண்டாம். இந்த மருந்துகள் சாராயம்போல வெறியூட்டிப் பழக்குகிறவையல்ல. எல்லோருக்கும் மருந்து தேவைப்படுவதுமில்லை. அநேகருக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகரோடு சில வாரம் பேசுவதே போதும்.

மூன்றாவது கேள்வி. பேசினால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது?

இதற்கு ஒரு சரித்திரம் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் சாட் வாரா என்று ஓர் ஆங்கிலிக்கன் சபைக் குரு இருந்தார். 1935ல், இளங்குருவாக அவர் நடத்திவைத்த முதல் அடக்கம் ஒரு சிறுமியுடையது. வயதுக்கு வரும்போது எல்லாப் பெண்களுக்கும் ஏற்படுகிற மாற்றத்தை ஏதோ வெட்கக்கேடான நோய் என்று அவள் நினைத்துவிட்டாள். கேட்க ஒருவருமில்லாமல் உயிரை விட்டாள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஐந்து நிமிஷம் அவளோடு பேசியிருந்தால்! அந்த நினைவு அவரைவிட்டு அகலவில்லை. 1953ல் லண்டனில் தமது கோவிலிலேயே ஒரு டெலிபோனை வைத்து, துன்பப்படுகிறவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். கூப்பிட்டார்கள், நேரிலும் வந்தார்கள். கூட்டம் அதிகமானதால், வந்தவர்களுக்கு டீ கொடுத்து உட்காரவைக்கச் சில சாதாரண மனிதரைத் துணைக்குச் சேர்த்தார். அப்பொழுது ஒரு விசித்திரம் நடந்தது. டீ குடித்து அந்தச் சாதாரண மனிதரோடு பேசிக்கொண்டிருந்தவர்களில் பலர், குருவைப் பார்க்காமலே மனம் தேறித் திரும்பிப் போனார்கள். அவர்கள் தேடி வந்தது புத்திமதியல்ல, காது என்று அவர் கண்டுகொண்டார். 'சமாரித்தன்ஸ்' என்ற ஸ்தாபனம் இப்படித்தான் உண்டானது.

அதே வழியில் 1986ல் சென்னையில் 'ஸ்நேஹா' தொடங்கியது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் அதை ஏற்படுத்தினார். போனில் கேட்பவர்கள் டாக்டர்களல்ல, பயிற்சி பெற்ற தொண்டர்கள். நமது பிள்ளைகளுக்கு அவர்கள் மற்றொரு பெரிய உபகாரமும் செய்தார்கள். முன்னெல்லாம் பிளஸ் டூவில் ஒரு பாடம் தவறினால் வருஷமே போயிற்று என்று அர்த்தம். ரிசல்ட் வருகிற வாரத்தில் எத்தனை வீடுகளில் ஓலம் கேட்டது! தவறினவர்கள் சில வாரத்திலேயே மறுபரீட்சை எழுதி அதே வருஷம் கலாசாலையில் சேரலாம் என்ற ஏற்பாடு இந்த நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் வந்தது. அதற்காக அரசாங்கத்திடம் வாதாடியவர்களில் ஸ்நேஹாவும் உண்டு. 2017ல் மாநில அளவில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் தமிழக அரசு நிறுத்தியது. ஆனால் ஊர்க்கோடியிலும் பஸ் முதுகிலும் மார்க்குப் போட்ட படங்களை ஒட்டுவது இன்னும் நின்றபாடில்லை. அதை என்ன சொல்வது!

நிலைமை லேசானதல்ல. அரசாங்கக் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் தற்கொலையால் மாண்ட மாணவர்கள் 13,044 பேர். 2021 செப்டம்பரில் மருத்துவக் கல்லூரி நுழைவுப் பரீட்சையன்று நமது மேட்டூர்ப் பக்கத்துக் கிராமத்திலேயே ஒரு பையன் போய்விட்டான். அந்த மாதத்தில் பரீட்சை எழுதிய லட்சம் பேருக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு 104 என்ற எண்ணிலிருந்து ஆலோசகர்கள் பேசினார்கள் என்பதைப் பலர் மறந்திருப்பார்கள். நாமாகக் கூப்பிடுமுன் அவர்களே கூப்பிட்டார்கள். அதைத்தான் முன்மாதிரியாகக் கொள்ளவேண்டும்.

இனி, உதவி எங்கே கிடைக்கும் என்று பார்ப்போம்.

2022 அக்டோபரில் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை தொடங்கியது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழில் பேசலாம். 104ம் உண்டு. ஸ்நேஹாவின் எண் 044 24640050. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், 2022ல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவில் சீட்டு வாங்கிக் காட்டலாம். 2022 டிசம்பரில் தமிழக அரசு கல்லூரிகளில் 'மனம்' என்ற மன்றங்களைத் தொடங்கியது. முதலில் மருத்துவக் கல்லூரிகளில் ஆரம்பித்தார்கள். 2025 ஜூலை 25ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள எந்தக் கல்விச்சாலையிலும் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும். உதவி எண்களை ஹாஸ்டலிலும் வகுப்பிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்கவேண்டும். மார்க்கைக் காட்டி மாணவரை இழிவுபடுத்தலாகாது என்று கட்டளையிட்டது. பெற்றோர்களே, அட்மிஷனுக்குப் போகும்போது கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று கேட்பதோடு, "உங்கள் ஆலோசகர் யார்? எந்த அறையில் இருப்பார்?" என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சம் வேண்டாம். அது சட்டப்படி உங்களுக்கு உள்ள பாத்தியதை.

"ஆலோசகரிடம் சொன்னால் பிரின்ஸிபாலுக்குத் தெரியும், பிறகு ஊருக்கே தெரியும், தங்கச்சி கலியாணத்துக்கு இடைஞ்சல்." இந்தப் பயம் நமது பக்கத்தில் மிகவும் அதிகம். 2017ம் வருஷத்து மனநலச் சட்டப்படி வைத்தியர் நோயாளியின் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். உயிருக்கு ஆபத்து என்று கண்டால் மட்டும் தேவையானவர்களுக்குச் சொல்லுவார். அது ரகசியத்தை உடைப்பதல்ல, உயிரைக் காப்பது. உயிரை விட எத்தனித்துப் பிழைத்தவனைப் போலீஸ் கேஸில் தண்டிக்கிற பழைய சட்டப்பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லாமற் போயிற்று. ஆகையால் கேசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்திருப்பது மகா தப்பு.

குருவிடம் வரலாமா? தாராளமாய் வரலாம். கேட்பார், ஜெபிப்பார், பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது அவரோடே போகும். ஆனால் குரு வைத்தியரல்ல. "ஜெபம் பண்ணு, மாத்திரை வேண்டாம்" என்று எவர் சொன்னாலும், சொன்னவர் யாராயிருந்தாலும், கேட்காதேயுங்கள். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடவேண்டும். ஏனெனில் சில வீடுகளில் இந்தப் புண் இன்னும் ஆறாமல் இருக்கிறது. அறிந்து மனம்பொருந்தித் தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு கிடையாது என்று 1917ம் வருஷத்துச் சட்டம் சொல்லியது. 1983ம் வருஷத்துச் சட்டத்தில் அது எடுக்கப்பட்டது. கொடிய மனநோயும் வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய இரட்சணியத்தைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும், 1992ல் வெளியான ஞானோபதேச நூல் கற்பிக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயாரைக் கல்லறை வாசலில் நின்று கண்டபடி பேசியவர்கள் இதை அறியவேண்டும்.

பிள்ளைகளே, உங்கள் அறைச் சிநேகிதன் வாடியிருந்தால் என்ன செய்வீர்கள்? "ஏன் மச்சான் டல்லா இருக்கே?" என்று ஒருதரம் கேட்டு, "ஒண்ணுமில்லடா" என்றால் விட்டுவிடுகிறீர்கள். மறுநாளும் கேளுங்கள். நாலுபேர் நடுவில் கேட்காமல், மெஸ்ஸிலிருந்து திரும்பும் வழியில் தனியாகக் கேளுங்கள். அவன் சொல்லும்போது, "இதெல்லாம் ஒரு விஷயமா, எங்க அப்பா இல்லாமலே நான் படிக்கலையா" என்று உங்கள் கதையை எடுக்காதீர்கள். பாதியில் வழி சொல்லாதீர்கள். சாவைப் பற்றிய பேச்சு அவன் வாயில் வந்தாலோ, தன் சாமான்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதனால் இல்லாத நினைவு உண்டாகிவிடும் என்பது தவறு. கேட்டதனால் பாரம் இறங்கினது என்றே மீண்டவர்கள் பலர் சொல்கிறார்கள். "ஆமாம்" என்றால் அன்றிரவு அவனைத் தனியே விடலாகாது. கூட உட்கார்ந்து, அவனுக்குத் தீங்கு செய்யக்கூடியவற்றை அப்புறப்படுத்தி, 14416க்கு அவன் எதிரிலேயே போன் போட்டுக் கொடுங்கள். வார்டனை எழுப்புங்கள். ஆபத்து கிட்டத்தில் இருந்தால் 108க்குச் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் கேட்டால் கொடுக்கவேண்டாம். கொடுத்திருந்தாலும் அதை மீறிவிடுங்கள். அவன் ஒரு மாதம் கோபித்துக்கொண்டு பேசாதிருந்தாலும், பேசாதிருக்க உயிரோடிருப்பான் அல்லவா?

தனக்கே இந்த நிலைமை என்று வாசிக்கிற பிள்ளை ஒருவேளை இருக்கக்கூடும். அம்மா, ஐயா, நீ கெட்டவனல்ல, பைத்தியமுமல்ல. உன் மூளையும் மனமும் களைத்துப்போயிருக்கின்றன. இன்றைக்கு எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டியதில்லை. எதையாவது சாப்பிடு. ஒரு ஆளிடம் ஒரு வாக்கியம் சொல்லு: "எனக்கு முடியவில்லை, கூட இரு." அந்த ஒருவர் அம்மாவாக இருக்கவேண்டும் என்பதில்லை. மாமனோ, அத்தையோ, பழைய பள்ளிக்கூட டீச்சரோ, 14416ல் எடுக்கிற முகமறியாத ஒருவரோ, யாரானாலும் சரி. முதலாவது ஆள் சரியாகக் கேட்காவிட்டால் இரண்டாவது ஆளைத் தேடு. அரியரைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அரியர் எங்கும் ஓடிப்போகாது, அடுத்த செமஸ்டரிலும் இருக்கும், எழுதிக்கொள்ளலாம். படிப்பு ஒத்துவரவில்லையென்றால் படிப்பை மாற்றலாம். அதுவும் வெயில் வெளிச்சத்தில், பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்கிற காரியம்.

இனி பெற்றோருக்கு. உங்கள் பிள்ளைக்காக நீங்கள் பட்ட கஷ்டம் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். "உன்னை நம்பித்தான் கடன் வாங்கியிருக்கிறோம்" என்று ஒவ்வொரு போனிலும் சொன்னால், அவன் கஷ்டம் வரும்போது உங்களிடம்தான் முதலில் மறைப்பான். பெண்பிள்ளையானால், "ஏதாவது ஆச்சுன்னா படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிடுவோம்" என்ற மிரட்டல் வேறு. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே எத்தனை பெண்கள் வதைகளைச் சொல்லாமல் சகித்துக்கொள்கிறார்கள் தெரியுமா? லீவுக்கு வரும்போது முகத்தைப் பாருங்கள். உடம்பு இளைத்திருக்கிறதா, மூத்த பிள்ளை தம்பி தங்கைகளோடு முன்போல விளையாடுகிறதா, ராத்திரி விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது என்று கவனியுங்கள். திருநாளுக்கு வரவே மாட்டேன் என்றால் காரணம் படிப்பு மட்டும்தானா என்று விசாரியுங்கள். கூடுமானால் ஒருதரம் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய், ஹாஸ்டல் வாசலில் முறுக்குப் பொட்டலத்தோடு நில்லுங்கள். திட்டுவான், ஆனாலும் சாப்பிடுவான்.

ஞாயிற்றுக்கிழமைப் போனில் "மார்க்கு எவ்வளவு?" என்று தொடங்கவேண்டாம். "சாப்பிட்டியா?" என்பதும் போதாது, அதற்கு "ஆச்சு" என்று ஒரே வார்த்தையில் பதில் முடிந்துவிடும். "யார்கூட உட்கார்ந்து சாப்பிட்டே சாமி?" என்று கேளுங்கள். பேர் வந்தால் அந்தப் பேரை ஞாபகம் வைத்து அடுத்த வாரம் விசாரியுங்கள். பேர் வராமல் கொஞ்சநேரம் பேச்சு நின்றால், போனை வைத்துவிடாதீர்கள்.